டஸ்கனி மலையூர்களில் ஒரு வாரம் சைக்கிள்: தூரத்தை விடுங்கள், ஏற்றத்தை எண்ணுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 46. வார இறுதியில் சமதரையில் 60, 70 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓட்டுகிறீர்கள். மே மாதம் மனைவியோடு இத்தாலியின் டஸ்கனிக்குப் போய், பைகளைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, குன்றுகளின் உச்சியில் இருக்கும் பழைய ஊர்களை ஒரு வாரம் சுற்ற ஆசை. நாளுக்கு 80 கிலோமீட்டர் என்று திட்டம். இது நடக்குமா, இப்போதிருக்கும் சாலை சைக்கிள் போதுமா, எந்த ஊர்களை விடக்கூடாது என்பது கேள்வி.

நடக்கும். ஆனால் அந்த 80ஐ 45 ஆக்குங்கள். முடிந்தால் சில நாட்களில் 25 ஆக்குங்கள். உங்கள் உடம்பில் எனக்குச் சந்தேகமில்லை, கணக்கு போட்ட அலகில்தான் தவறு. சியேனாவுக்குத் தெற்கே இருக்கும் அந்த நாட்டுப்புறத்தில் கிலோமீட்டர் என்பது பாதி உண்மைதான் சொல்லும். மீதியைச் சொல்வது ஏற்றம், அதாவது ஒரு நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் மேலே ஏறுகிறீர்கள் என்பது. அந்தப் பகுதியில் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் 150லிருந்து 200 மீட்டர் ஏறியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 80 கிலோமீட்டருக்கு 1200லிருந்து 1600 மீட்டர் வந்துவிடும். பாரம் ஏற்றிய சைக்கிளில் நிதானமாகப் போகிற ஒருவர் மணிக்கு 300, 400 மீட்டர்தான் ஏற முடியும். ஏறுவதற்கே நான்கு மணி நேரம் போனால், ஊரைப் பார்ப்பது எப்போது?

இன்னொரு விஷயம், வரைபடத்தில் ஊர்களின் உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. மோன்டால்சினோ 564 மீட்டர், பியென்ஸா 491 மீட்டர். பார்த்தால் இறக்கம் மாதிரி தெரியும். நடுவில் சாலை சுமார் 250 மீட்டர் வரை பள்ளத்துக்கு இறங்கி, வழியில் இருக்கும் சான் குயிரிக்கோ என்ற ஊருக்காக 409க்கு ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறும். 'கீழே' இருக்கிற ஊருக்குப் போக 300 மீட்டரை ஒட்டி ஏறியாக வேண்டும். ரம்பப் பல் மாதிரியான தரை அது. ஆல்ப்ஸ் மலையில் ஒரே ஏற்றத்தை இரண்டு மணி நேரம் ஒரே தாளத்தில் ஏறலாம், உடம்பு பழகிவிடும். இங்கே பழகுவதற்குள் இறக்கம் வந்துவிடும், காலாறுவதற்குள் அடுத்த ஏற்றம் தொடங்கிவிடும்.

ஊர்களை ஏன் அப்படி உச்சியில் கட்டினார்கள் என்று தெரிந்துகொண்டால் பயணத் திட்டமே வேறு மாதிரி ஆகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் காரணம் எல்லோரும் அறிந்தது: பாதுகாப்பு. சியேனாவும் ஃபிளாரன்ஸும் பல தலைமுறைகளாக மோதிக்கொண்ட நிலம் இது. 1555இல் சியேனா வீழ்ந்தபோது, அதன் குடியரசு ஆட்கள் தப்பிப் போய் உட்கார்ந்தது மோன்டால்சினோ குன்றில். அங்கிருந்து 1559 வரை தாக்குப்பிடித்தார்கள். அந்த ஏற்றத்தைச் சைக்கிளில் ஏறினால், எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பது தொடைக்கே புரியும்.

இரண்டாவது காரணம் மண். வால் தோர்ச்சா பள்ளத்தாக்கும் கிரெத்தே செனேசி என்று அழைக்கப்படும் சாம்பல் நிற மேடுகளும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தவை. கடல் விட்டுப்போன களிமண்தான் இன்றைக்கும் மேலே கிடக்கிறது. மழை பெய்தால் சரிவில் இருக்கும் களிமண் அரித்துக்கொண்டு போகும், வீடு கட்டினால் நிற்காது. அதன் மேல் கெட்டியான பாறை தொப்பி போல மூடியிருக்கும் உச்சிகளில்தான் ஊர் நிலைக்கும். வோல்தெர்ராவில் அந்தத் தொப்பியின் ஓரமே இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது. பால்ஸே என்ற அந்தப் பெரிய சரிவு, ரோமர்களுக்கு முந்தைய எட்ருஸ்கன் மக்கள் காலத்து மதில் துண்டுகளையும் தேவாலயத்தையும் விழுங்கியிருக்கிறது. பியென்ஸாவின் பேராலயமும் சரிவுப் பக்கமாக மெல்ல அமிழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே போய்ப் பீடத்தை நோக்கி நடந்தால் தரை இறங்குவதைக் காலே சொல்லும்.

மூன்றாவது காரணம்தான் பலர் யோசிக்காதது: மலேரியா. பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கிச் சதுப்பாகக் கிடந்தது. புனித ரோமப் பேரரசர் ஏழாம் ஹென்றி இத்தாலியை அடக்க வந்து, 1313 ஆகஸ்ட் 24 அன்று ஆற்றோரத்தில் இருக்கும் புவன்கொன்வென்தோவில் இறந்துபோனார். மலேரியாதான் காரணம் என்பது பொதுவான கருத்து. மதிலை ஏறிக் கடக்க முடியாத எதிரிகளைப் போலக் கொசுவையும் உயரம்தான் தடுத்தது.

இந்த மூன்று காரணங்களும் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஒரு வழியைக் காட்டுகின்றன. ஊர்கள் உச்சியில் இருந்ததால் பழைய சாலைகளும் முகடுகளை ஒட்டியே போயின. முகட்டின் மேலேயே போகும் சாலையைப் பிடித்தால் ஏறிய உயரத்தை இழக்க மாட்டீர்கள், இரு பக்கமும் காட்சி திறந்திருக்கும். பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டும் சாலையைப் பிடித்தால் ஒவ்வொரு முகட்டுக்கும் வரி கட்டியாக வேண்டும். சியேனாவிலிருந்து அஷானோ போகும் லௌரெத்தானா சாலை முகட்டுச் சாலைக்கு மிக அழகான உதாரணம். வழிகாட்டும் செயலி குறுக்கு வழி காட்டினால் உடனே கேட்காதீர்கள். உயர வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். இதில் ஒரு கணக்கு மட்டும் பொறுமையாகப் பாருங்கள். நீங்கள் 70 கிலோ, சைக்கிள் 15, பைகள் 15, மொத்தம் 100 கிலோ என்று வைப்போம். 10 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயர்வது. உங்கள் சாலை சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல் என்று இருக்கக்கூடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் வரும். அந்த வேகத்தில் அவ்வளவு எடையைத் தூக்க, புவியீர்ப்புக்கு மட்டும் 250 வாட் கொடுக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஓட்டிகள்கூட நாளில் ஐந்தாறு முறை அதைக் கொடுக்க முடியாது. 60 சுற்றுக்குக் கீழே இறங்கி முட்டியை அழுத்தி மிதிப்பீர்கள், மூன்றாம் நாள் முட்டி வலிக்கும்.

இப்போது முன்னால் 24, பின்னால் 36 பல் என்று மாற்றிப் பாருங்கள். அதே 60 சுற்றில் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், தேவை சுமார் 137 வாட். மூச்சு வாங்காமல் மனைவியோடு பேசிக்கொண்டே ஏறலாம். சைக்கிளின் விலை, சட்டகத்தின் எடை, இதெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. பாரத்தோடு மலையூர் போகிறவர் பார்க்க வேண்டிய ஒரே எண், முன் பல் எண்ணிக்கை பின் பல் எண்ணிக்கையை விடக் குறைவாக இருக்கிறதா என்பதுதான். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதற்கும் கீழே, மணிக்கு 4 கிலோமீட்டருக்கு வந்தால் சைக்கிள் தள்ளாடத் தொடங்கும். அப்போது இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். வேகம் ஒன்றேதான், வேறு தசைகளுக்கு வேலை, தொடைக்கு ஓய்வு. இதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. நான் ஒவ்வொரு பயணத்திலும் எங்காவது இறங்கி நடந்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் சாலை சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது என்பேன். சியேனாவிலோ ஃபிளாரன்ஸிலோ தாழ்ந்த கியர் உள்ள, 40 மில்லிமீட்டர் டயர் போட்ட, டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். முன்பதிவு செய்யும்போதே பல் எண்ணிக்கையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'மலைக்கு ஏற்றது' என்று வாயால் சொன்னதை நம்பி ஒருமுறை நான் எடுத்த சைக்கிளில் பின்னால் பெரிய பல் 30தான் இருந்தது. அந்த வாரம் முழுக்க அதன் பலனை அனுபவித்தேன். மனைவிக்கு மின் உதவியுள்ள சைக்கிள் சரிப்படும் என்றால் தயங்காமல் எடுங்கள். இருவரின் வேகமும் ஒன்றானால் பயணத்தின் சந்தோஷமே தனி.

டயர் அகலம் ஏன் முக்கியம் என்றால், அங்கே சிறந்த வழிகள் பல தார் போடாதவை. ஸ்த்ராதே பியாங்கே, வெள்ளைச் சாலைகள் என்று சொல்வார்கள். நொறுக்கிய சுண்ணாம்புக் கல் பரப்பிய பாதைகள், காய்ந்தால் கண்ணைக் கூசும் வெண்மை. இவற்றுக்கெல்லாம் தார் போட்டு மூடிவிடுவார்களோ என்ற கவலையில்தான் 1997இல் காயோலே இன் கியாந்தி என்ற ஊரில் லெரோய்கா என்ற சைக்கிள் விழாவை ஜான்கார்லோ புரோச்சி தொடங்கினார். 1987க்கு முந்தைய சைக்கிள்கள்தான் அதில் ஓடலாம். அதன் நீண்ட வழி 209 கிலோமீட்டர், ஆண்டு முழுக்க யார் வேண்டுமானாலும் ஓட்டும்படி வழிப்பலகைகள் நட்டிருக்கிறார்கள். 2007இல் தொடங்கிய ஸ்த்ராதே பியாங்கே பந்தயமும் இந்தப் பாதைகளால் பெயர் பெற்றதே. அதில் வரும் மோன்டே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் துண்டு அஷானோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பைகளோடு அதில் போகாதீர்கள், அங்கே ஏற்றமும் இறக்கமும் இரண்டுமே செங்குத்து. பையை அறையில் போட்டுவிட்டு ஒரு மாலை வெறும் சைக்கிளில் போய் வாருங்கள்.

வெள்ளைச் சாலையில் டயர் காற்றைக் குறையுங்கள். கல்லென ஊதிய டயர் ஒவ்வொரு சரளைக்கும் துள்ளும், ஏற்றத்தில் பின்சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கும். ஏறும்போது எழுந்து நின்று மிதிக்காதீர்கள், எடை பின்சக்கரத்தின் மேலேயே இருக்கட்டும். இறங்கும்போது திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்துக்குள் பிரேக்கைத் தொடாமல் போய்விட வேண்டும். வண்டிச் சக்கரங்கள் அழுத்திய தடத்தில் தரை கெட்டியாக இருக்கும், நடுவிலும் ஓரத்திலும் சரளை குவிந்திருக்கும். தடத்தை விடாதீர்கள்.

மழை பெய்தால் கதையே வேறு. பெரிய வெள்ளைச் சாலைகளில் கீழே கல் அடுக்கு இருப்பதால் ஒருவாறு போகலாம். ஆனால் வயல்களுக்கு நடுவே போகும் வெறும் மண் தடங்களுக்குள் மட்டும் நுழையாதீர்கள். அஷானோவுக்குத் தெற்கே, இரண்டு நாள் மழைக்கு மறுநாள், இரண்டே கிலோமீட்டர் மிச்சமாகும் என்று நான் அப்படி ஒரு தடத்தில் நுழைந்தேன். ஐம்பது மீட்டர்கூடப் போகவில்லை. சாம்பல் களிமண் டயரில் வட்டவட்டமாகச் சுற்றிக்கொண்டது, பிறகு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டது, கடைசியில் சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. குச்சியால் நோண்டி எடுப்பேன், நான்கு அடி தள்ளுவேன், மறுபடி நின்றுவிடும். காலணியும் அதே மண்ணில் கனத்துப் போய், கால் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ ஆகியிருந்தது. பைகளைக் கழற்றித் தனியாகச் சுமந்து, சைக்கிளைத் தனியாகத் தோளில் தூக்கி, தார் சாலையைத் தொட ஒன்றரை மணி நேரம். அன்று மாலை அந்த மண் காய்ந்து ஓடு போல இறுகியிருந்தது. அதைச் செயினிலிருந்து உடைத்து எடுத்தபோதுதான், இந்த மண்ணில் ஏன் ஒருவரும் சரிவில் வீடு கட்டவில்லை என்பது எனக்கு உறைத்தது.

இனி ஊர்கள். சான் ஜிமிஞானோ, வோல்தெர்ரா இரண்டையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. அவை சியேனாவுக்கு மறுபக்கம், ஒரு வாரத்தில் இரு திசையையும் பிடிக்கப் போனால் எதுவும் மனதில் தங்காது. தெற்கே மட்டும் போங்கள்.

சியேனா ரயில் நிலையம் கீழே, நகரம் மேலே. முதல் ஏற்றம் அங்கேயே தொடங்கிவிடும். முதல் நாள் லௌரெத்தானா முகட்டுச் சாலையில் அஷானோ, பிறகு மோன்டே ஒலிவேத்தோ மடம், அப்புறம் இறக்கத்தில் புவன்கொன்வென்தோ. எல்லாம் சேர்த்து 45 கிலோமீட்டரை ஒட்டி வரும். மடம் 1313இல் தொடங்கியது. அதன் உள்முற்றச் சுவர்களில் சிஞோரெல்லியும் சோதோமாவும் தீட்டிய சுவரோவியங்களுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். புவன்கொன்வென்தோ ஒன்றுதான் நீங்கள் தங்கும் ஊர்களில் சமதரையில் இருப்பது. செங்கல் மதிலுக்குள் அடங்கிய சின்ன ஊர்.

இரண்டாம் நாள் மோன்டால்சினோ. சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆனால் 147 மீட்டரிலிருந்து 564க்கு. காலையில் வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள். அறையில் பைகளைப் போட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் வெறும் சைக்கிளில் சாந்த் ஆந்திமோ மடத்துக்கு இறங்கலாம். ஒலிவ மரங்களுக்கு நடுவே, வெளிர் கல்லில் கட்டிய ரோமனெஸ்க் ஆலயம் அது. திரும்பி ஏறியாக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

மூன்றாம் நாள் சான் குயிரிக்கோ, பாஞோ விஞோனி வழியாகப் பியென்ஸா. பாஞோ விஞோனியில் ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வெந்நீர்க் குளம் இருக்கிறது, அதில் இறங்கக்கூடாது. ஊரின் விளிம்பில், பழைய ஆலைகளுக்குப் போன கல் வாய்க்காலில் அதே நீர் ஆறி ஓடுகிறது. அங்கே உட்கார்ந்து காலை விட்டுக்கொள்ளுங்கள். இந்த வழியெங்கும் கனத்த பையோடு நடப்பவர்களைப் பார்ப்பீர்கள். ரோமுக்குப் போகும் வியா ஃபிரான்சிஜெனா என்ற யாத்திரை வழி இது. காண்டர்பரி பேராயர் சிஜெரிக் 990இல் ரோமிலிருந்து திரும்பியபோது தங்கிய இடங்களைக் குறித்து வைத்த பட்டியல்தான் இன்றைய வழிக்கு ஆதாரம். சைக்கிளுக்கென்றே தனியாகக் குறியிட்ட வழியும் அதில் உண்டு.

பியென்ஸாவில் இரண்டு இரவு தங்குங்கள். கோர்சிஞானோ என்ற சிற்றூராக இருந்தது இது. அங்கே பிறந்த எனேயா சில்வியோ பிக்கொலோமினி 1458இல் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப் ஆனார். மறுவருடமே கட்டடக் கலைஞர் ரொஸ்ஸெல்லினோவைக் கொண்டு ஊரின் நடுவை மாற்றிக் கட்டத் தொடங்கினார், 1462இல் பேராலயம் தயார். ஒரே மூச்சில் திட்டமிட்டுக் கட்டிய சதுக்கம் என்பதால், மற்ற மலையூர்களின் கோணல் மாணலுக்கு நடுவில் இது தனியாகத் தெரியும். நடுவில் இருக்கும் நாள் ஓய்வு நாள். கால் துறுதுறுவென்றிருந்தால் 814 மீட்டரில் கோபுரத்தோடு நிற்கும் ராடிகோஃபானிக்குப் போய் வரலாம், ஆனால் அது முழு நாள் வேலை. ஓய்வையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்து மோன்டிக்கியெல்லோ வழியாக மோன்டெபுல்ச்சானோ. மோன்டிக்கியெல்லோ மதிலுக்குள் அடங்கிய மிகச் சிறிய கிராமம். 1967 முதல் ஒவ்வொரு கோடையிலும் ஊர் மக்களே தங்கள் வாழ்க்கையை நாடகமாக எழுதி, சதுக்கத்தில் தாங்களே நடிக்கிறார்கள். தூரம் குறைவான நாள் என்பதால் அங்கே மதிய உணவுக்கு நின்று நிதானமாகப் போங்கள். ஏனென்றால் மோன்டெபுல்ச்சானோவில் ஒரு வேலை காத்திருக்கிறது.

605 மீட்டரில் இருக்கும் அந்த ஊரின் கீழ் வாசலைத் தொட்டதும் வந்துவிட்டோம் என்றுதான் தோன்றும். மலையூர்களில் எல்லோரும் செய்யும் தவறு இது. வாசலுக்கு வெளியே இருக்கும் சாலை வண்டிகளுக்காக வளைத்து வளைத்துப் போட்டது, 6, 7 சதவீதத்தில் அடங்கிவிடும். வாசலுக்கு உள்ளே இருக்கும் தெரு மனிதக் காலுக்காகப் போட்டது, அது வளையாமல் ஏறும். பாவிய கல் தேய்ந்து பளபளப்பாக இருக்கும், நனைந்தால் சோப்பு மாதிரி. உச்சியில் இருக்கும் பியாட்சா கிராந்தே சதுக்கம் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் அப்படித்தான். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு இதே தெருவில் எட்டுப் பேட்டைகளும் போட்டி போடுகின்றன. பேட்டைக்கு இரண்டு பேராக, 80 கிலோ மதுப் பீப்பாயை உருட்டிக்கொண்டு மேலே ஓடுவார்கள். நீங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கடைவாசலில் நிற்கும் முதியவர்கள் 'ஃபோர்சா', அதாவது 'விடாதே, ஏறு' என்று குரல் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாகச் சிரிக்கக் கொஞ்சம் மூச்சு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாரமும் பின்னாலேயே இருந்தால் இந்த மாதிரி இடத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். கனமான சாமான் கொஞ்சம் முன்பையில் இருக்கட்டும்.

இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். எங்கே தங்குவது என்று வரும்போது, அடிவாரத்தில் மலிவாக அறை கிடைக்கும், ஏற்றமும் மிச்சம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஊருக்குள்ளேயே, மதிலுக்கு உள்ளேயே தங்குங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் இறங்கிப் போய்விடும். அதற்குப் பிறகுதான் ஊர் தன் ஊராகும். பாட்டிகள் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்காருவார்கள், பிள்ளைகள் ஆலயப் படியில் பந்து உதைப்பார்கள். கார் வைத்திருப்பவர்கள் அதைப் பார்ப்பது அரிது. அதற்கு விலை, நாளின் கடைசி ஏற்றம். அது எப்போதும் மாலை நான்கு, ஐந்து மணிக்கு, உடம்பு காலியான நேரத்தில் வரும். ஆகவே அடிவாரத்தில் பதினைந்து நிமிடம் நின்று, அதற்கென்றே எடுத்துவைத்த எதையாவது சாப்பிட்டு, ஒரு புட்டி தண்ணீர் முழுசாக வைத்துக்கொண்டு ஏறுங்கள். காலையில் நேர்மாறு: குளிர்ந்த உடம்போடு நேரே இறக்கம். மே மாதத்திலும் காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் கையுறையும் வேண்டும்.

கடைசி நாளுக்கு நான் சொல்லும் வழி, மோன்டெபுல்ச்சானோவிலிருந்து கிழக்கே இறங்கி, ஏரியோரத்தில் 'சென்தியேரோ தெல்லா போனிஃபிக்கா'வைப் பிடிப்பது. கியூசியிலிருந்து அரெத்ஸோ வரை 62 கிலோமீட்டர் கால்வாயை ஒட்டியே போகும் பாதை. கார் இல்லை, ஏற்றமும் இல்லை. வாரம் முழுக்க நீங்கள் ஏறிய உயரங்களுக்குக் காரணமான சதுப்பு, வால் தி கியானா, இதுதான். பழங்காலத்தில் தெற்கே டைபர் ஆற்றுக்குப் போன கியானா நீர், இன்று வடக்கே ஆர்னோவுக்குப் போகிறது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் திருப்பிவிட்டது. வித்தோரியோ ஃபொஸ்ஸொம்புரோனி என்ற பொறியாளர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி இதைச் செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சதுப்பை வற்ற வைக்க நீரை இறைக்கவில்லை. வெள்ளக் காலத்தில் கலங்கல் நீரை வேண்டுமென்றே உள்ளே விட்டு, வண்டல் படிந்ததும் தெளிந்த நீரை வெளியேற்றி, வருடா வருடம் தரையையே உயர்த்தினார்கள். களிமண் மேடுகளை அரித்து வந்த அதே மண்தான் இங்கே நிலமாக மாறியது.

சில நடைமுறை விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பகுதி ரயில்களில் சைக்கிள் அடையாளம் போட்ட பெட்டியில், தனிச் சீட்டு வாங்கி, சைக்கிளை அப்படியே ஏற்றலாம். அதிவேக ரயிலில் கழற்றிப் பைக்குள் வைத்தால்தான் விடுவார்கள். சூப்பர்ஸ்த்ராதா என்ற விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. காசியா என்ற பழைய நெடுஞ்சாலையில் அனுமதி உண்டு, ஆனால் லாரிகள் போகும், தேவையான துண்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஊருக்கு வெளியே, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின்னும், சுரங்கச் சாலைகளிலும் ஒளிரும் மேலாடை அணிவது சட்டப்படி கட்டாயம். ஊர்க் குழாய்களில் தண்ணீர் பிடிக்கலாம், 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். சின்ன ஊர்களில் மளிகைக் கடைகள் மதியம் ஒரு மணி வாக்கில் மூடினால் மாலைதான் திறக்கும். பன்னிரண்டரைக்குள் ரொட்டியும் பெக்கொரினோ பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஊர் ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். வியர்த்து ஓட்டுகிறவருக்கு உப்பு வேண்டும், அதனால் பாலாடைக்கட்டியை விடாதீர்கள். சைவம் என்றால் பிச்சி என்ற தடித்த கைநூடுல்ஸைப் பூண்டும் தக்காளியும் போட்டுக் கேளுங்கள்.

ஆட்டு மந்தைகளைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் சில இடங்களில் சாலைக்கு வரும். மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அவை துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, மந்தையை விட்டு விலகி மெதுவாக நடங்கள். தங்கள் ஆடுகளுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடும்.

போவதற்கு முன் பயிற்சி என்றால், உங்கள் பக்கத்தில் மலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு மேம்பாலத்தையோ சிறு மேட்டையோ தேர்ந்தெடுத்து, பைகளில் 10 கிலோ வைத்து, உட்கார்ந்த நிலையிலேயே இருபது முறை ஏறி இறங்குங்கள். வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். மனைவியும் கூட வரட்டும். யார் முன்னால் போவது, யார் பின்னால் வருவது, களைத்தால் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அந்த மேட்டிலேயே முடிவாகிவிடும்.

கடைசி நாள் கால்வாய்ப் பாதையில் வடக்கே போகும்போது வலப்பக்கம் ஒரு மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு கோர்தோனா தெரியும், எட்ருஸ்கன் காலத்து ஊர். ஏறலாமா என்று இருவருமே பார்ப்பீர்கள். அரெத்ஸோவிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு மாலையிலும் ரயில்கள் உண்டு, அதனால் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். பாதையோரத்தில் நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து, மிச்சமிருக்கும் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு யோசியுங்கள்.